சிமுலேட்டரில் ஈஸியாக இறங்கும் விமானம், ஏலமலையில் திணறுவது ஏன்?

போடிநாயக்கனூருக்குத் தென்மேற்கே, வண்டிப்பெரியாறு அருகே சத்திரத்தில் என்.சி.சி.க்காக 650 மீட்டர் ஓடுபாதை அமைக்கப்பட்டது. 2022 ஏப்ரல் சோதனையில் விமானம் இறங்க முடியவில்லை. எதிரே இருந்த குன்று தடையானது. டிசம்பர் 1-ம் தேதிதான் ‘வைரஸ் எஸ்.டபிள்யூ-80’ இறங்கியது.

கணக்கு எங்கே மாறுது?

சிமுலேட்டரின் ‘ஸ்டாண்டர்டு’ வானிலையில் கடல் மட்ட வெப்பம் 15 டிகிரி. அப்படியானால் 3,500 அடியில் சுமார் 8 டிகிரிதான். நிஜத்தில் அங்கே 25 டிகிரி வெயில் அடித்தால்? காற்றின் அடர்த்தி குறையும். விமானத்துக்கு அது சுமார் 5,500 அடியில் பறப்பது மாதிரி. இன்ஜின் சக்தி குறையும், மேலெழும்ப ஓட வேண்டிய தூரம் கூடும்.

அப்போ சிமுலேட்டர் சொல்வது பொய்யா?

இல்லை. அன்றைய வெப்பம், காற்றழுத்தம், எடை மூன்றையும் சரியாகக் கொடுத்து, விமானக் கையேட்டின் அட்டவணையோடு ஒப்பிட வேண்டும். மலைச்சரிவில் சுழலும் காற்றை மட்டும் அப்படியே கொண்டுவருவது கடினம்.

நமக்கு இது ஏன் முக்கியம்?

2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயின்போது மீட்புக்கு வந்தவை விமானப்படை ஹெலிகாப்டர்கள். காற்று லேசானால் அவை தூக்கும் எடையும் குறையும். ஒரு நடையில் எத்தனை பேரை மீட்கலாம் என்பதை இந்தக் கணக்கும் சேர்ந்தே முடிவு செய்கிறது.