டியூபை மறைச்சு ‘யூரின் இன்ஃபெக்‌ஷன்’னு எழுதாதீங்க

1/ ஆஸ்பத்திரியில போட்ட மூத்திர டியூபால (கதீட்டர்) தொற்று வந்தா, டிஸ்சார்ஜ் சம்மரியில பல இடங்கள்ல வெறும் ‘யூரின் இன்ஃபெக்‌ஷன்’னு எழுதி அனுப்பிடுறாங்க. டியூப் பத்தி ஒரு வார்த்தை இருக்காது. இது நோயாளிக்கு செய்யுற அநியாயம். ஏன்னு சொல்றேன்.

2/ கீழப்பாவூர்ல பக்கவாதம் வந்த ஒரு தாத்தானு வச்சுக்கோங்க. பெரிய ஆஸ்பத்திரியில சேர்த்த அன்னைக்கே டியூப் போட்டாச்சு. எப்ப எடுக்கணும்னு யாரும் திரும்பக் கேக்கல. 9-ஆவது நாள் குளிர்ஜுரம். வீட்ல என்ன பேசுவாங்க? “தண்ணி சரியா குடிக்கல, உடம்பு சூடு.” பழி தாத்தா மேல, இல்லனா பாத்துக்கிட்ட மருமக மேல.

3/ டியூப் உள்ள இருக்கிற ஒவ்வொரு நாளும் மூத்திரத்துல புதுசா கிருமி சேர 3 முதல் 7 சதவீதம் வாய்ப்பு இருக்கு. தேவை முடிஞ்சதும் எடுத்துடுறதுதான் முதல் தடுப்பு.

4/ உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10 நோய்க் குறியீட்டுப் பட்டியல்ல சாதாரண மூத்திரத் தொற்றுக்கு என் 39.0. உள்ள வச்ச கருவியால வந்த தொற்றுக்கு டி 83.5. ஆனா குறியீடு போடுறவர் ஊகிச்சு எழுத முடியாது. ‘கதீட்டரால் வந்த தொற்று’னு டாக்டர் எழுதினாத்தான் டி 83.5.

5/ எழுதாட்டி என்ன ஆகும்? தாத்தாவுக்கு வீட்ல திரும்ப ஜுரம் வருது. ஊர் டாக்டர் சம்மரியைப் பாத்து சாதாரண தொற்றுனு நினைச்சு வழக்கமான மாத்திரை குடுப்பார். ஆஸ்பத்திரிக் கிருமி பலதும் அந்த மாத்திரைக்கு அடங்காது. ரத்தத்துல ஏறினா உயிருக்கே ஆபத்து.

6/ “டியூப் இருந்தா எல்லாத் தொற்றும் டியூபாலதானா?” நியாயமான கேள்வி. இல்ல. டியூப் 2 நாளுக்கு மேல இருக்கணும், ஜுரம், அடிவயிறு வலி மாதிரி அறிகுறி இருக்கணும், கல்ச்சர்ல போதுமான அளவு கிருமி வளரணும். அறிகுறி இல்லாம கல்ச்சர்ல மட்டும் கிருமி வந்தா பெரும்பாலும் ஆன்டிபயாடிக்கே வேண்டாம்.

7/ “எழுதினா ஆஸ்பத்திரிக்குக் கெட்ட பேரு, இன்ஷூரன்ஸ்ல கேள்வி வரும்.” இதுதான் உண்மையான பயம். அமெரிக்காவுல 2008 அக்டோபர் 1 முதல் இந்தத் தொற்றுக்கு மெடிகேர் கூடுதல் பணம் தர்றதை நிறுத்துச்சு. அப்புறம் மிச்சிகன் மாநில பில்களை ஆராய்ஞ்சா, டியூப் தொற்றுனு குறிச்சதே ரொம்பக் கம்மி. பணம் வெட்டப்பட்டதும் விரல்விட்டு எண்ணுற அளவுதான். டாக்டர் எழுதாததைப் பில் காட்டாது. அதனால தண்டனை வேண்டாம், எண்ணிக்கை வேணும். எண்ணாத தொற்றை எந்த ஆஸ்பத்திரியும் குறைக்காது.

8/ நீங்க செய்ய வேண்டியது. டியூப் போட்டா 3 கேள்வி கேளுங்க: எதுக்கு? என்னைக்குப் போட்டீங்க? என்னைக்கு எடுப்பீங்க? தேதியை ஒரு சீட்டுல எழுதி வைங்க. யூரின் பை மூத்திரப்பைக்குக் கீழயே தொங்கணும், தரையைத் தொடக்கூடாது. நீங்களா டியூபை இழுக்காதீங்க. உள்ள தண்ணி நிரப்பின பலூன் இருக்கு, கிழிஞ்சு ரத்தம் வரும்.

9/ சில பேருக்கு டியூப் அவசியம்தான். அதை வேண்டாம்னு சொல்லல. வீட்டுக்குக் கிளம்புறப்ப சம்மரியில டியூப் போட்ட தேதி, எடுத்த தேதி, கல்ச்சர் ரிசல்ட் மூணும் இருக்கானு பாருங்க. இல்லனா எழுதித் தரச் சொல்லுங்க. அது உங்க உரிமை. டாக்டருங்களே, ரெண்டு வார்த்தை சேத்து எழுத அரை நிமிஷம் போதும். எழுதுங்க.