வார்டிலும் ஓய்வில்லை

ஆபரேஷன் ஆனவரைப் பார்க்கப் போனால் இளநீரும் ஹார்லிக்ஸும் வாங்கிப் போவோம்; “அசையாமப் படுத்துக்கிட” என்று சொல்லிவிட்டு வருவோம். உடல் எடையைக் குறைக்கும் அறுவை சிகிச்சையில் இந்த இரண்டு வழக்கமும் செல்லாது. ஜவ்வாது மலையிலிருந்து வேலூருக்கோ சென்னைக்கோ போய் இதைச் செய்துகொள்ள நினைப்பவரும், துணைக்குப் போகிறவரும் அதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

பரவலாகச் செய்யப்படும் முறையில், இரைப்பையில் ஐந்தில் நான்கு பங்கை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒரு வாழைப்பழ வடிவக் குழாயாகத் தைத்துவிடுகிறார்கள். சிறு துளைகள் வழியே செய்வதால், சிக்கல் இல்லாவிட்டால் இரண்டு மூன்று நாளில் வீடு திரும்பலாம்.

அந்த நாட்களில் நோயாளியைத் திகைக்க வைப்பது முதலில் நடைதான். மயக்கம் தெளிந்த சில மணி நேரத்திலேயே நர்ஸ் எழுப்பி நடக்கச் சொல்வார். அது கல்நெஞ்சம் இல்லை. பருத்த உடல் அசையாமல் கிடந்தால் காலின் ரத்தக் குழாயில் ரத்தம் உறையலாம்; அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. அடுத்தது தோள்வலி. வயிற்றில் வெட்டியிருக்கத் தோள் ஏன் வலிக்கிறது என்று பயந்து போவார்கள். உள்ளே பார்ப்பதற்காகச் செலுத்திய கரியமில வாயு உதரவிதானத்தை உறுத்துவதுதான் பெரும்பாலும் காரணம்; ஓரிரு நாளில் குறையும். ஆனாலும் நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ இருந்தால் உடனே சொல்லிவிட வேண்டும்.

பிறகு தாகம். தையல் பச்சையாக இருப்பதால், குழந்தைக்குச் சங்கில் புகட்டுவதுபோலக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தண்ணீர். பரிதாபப்பட்டு ஒரு டம்ளர் நீட்டும் உறவினர் நல்லது செய்யவில்லை.

இதையெல்லாம் தாண்டி டிஸ்சார்ஜ் ஆகிவிட்டால் ஆபத்து நீங்கியதாக நினைக்கிறோம். தையல் விட்டுக் கசிவது அரிதுதான். ஆனால் அது வீட்டுக்கு வந்தபின், இரண்டாம் வாரத்தில்கூடத் தெரியவரலாம். படபடவென்ற நாடித்துடிப்பு, காய்ச்சல், மூச்சிரைப்பு, கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலி, தண்ணீர்கூட வயிற்றில் தங்காத வாந்தி: இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

நகரவாசிக்கு மருத்துவமனை ஆட்டோ பிடிக்கும் தூரம். மலையில் அப்படியல்ல. 2023 மே மாதம் அல்லேரி மலையில் பாம்பு கடித்த குழந்தையைச் சாலை இல்லாததால் உரிய நேரத்தில் மருத்துவமனைக்குக் கொண்டுசேர்க்க முடியாமல் பறிகொடுத்தோம். ஆகவே மலைக்காரர்கள் மறுபரிசோதனை முடியும்வரை அடிவாரத்தில் உறவினர் வீட்டில் தங்குவது புத்திசாலித்தனம்.

மருத்துவமனையைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். 2024 ஏப்ரலில் சென்னைப் புறநகரின் தனியார் மருத்துவமனை ஒன்றில் இந்தச் சிகிச்சைக்குப் போன புதுச்சேரி இளைஞர் இறந்தார். விசாரித்த அரசு, அம்மருத்துவமனையைத் தற்காலிகமாக மூட உத்தரவிட்டது. தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்கிறதா, நள்ளிரவில் அவசரம் என்றால் யார் வருவார் என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல.

மலை ஏறும்போது டிஸ்சார்ஜ் சீட்டை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிடாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். சாமைக் கஞ்சியை எப்போது தொடங்கலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சத்து மாத்திரைகளை மட்டும் ஆயுள் முழுக்க நிறுத்தாதீர்கள்.