சம்பளம் போடுகிறவர் கையில் ரிமோட்

மறைமலை நகர் சிப்காட்டில் வேலை பார்க்கிறவர்களுக்கு ஒரு கேள்வி. உங்கள் கம்பெனி க்யூ.சி. இன்ஸ்பெக்டருக்கு லீவு சாங்ஷன் பண்ணுவது, இன்க்ரிமென்ட் போடுவது, சம்பள பில்லில் கையெழுத்துப் போடுவது எல்லாமே ப்ரொடக்ஷன் மானேஜர்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாசக் கடைசி. டார்கெட் இடிக்கிறது. லைனிலிருந்து வருகிற பீஸில் ஒரு துளை கோணலாக இருக்கிறது. இன்ஸ்பெக்டர் என்ன செய்வார்?

"கோணலா? அது டிசைன் சார்!" என்று பச்சை ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பிவிடுவார்.

அவரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். அவருக்கும் பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ் இருக்கிறது, சிங்கப்பெருமாள் கோவிலில் வாங்கிப் போட்ட மனைக்கு லோன் இருக்கிறது. இது தெரிந்துதான் விவரமான கம்பெனிகளில் க்யூ.சி.யை ப்ரொடக்ஷனுக்குக் கீழே வைப்பதில்லை.

ஒரு தொழிற்சாலைக்குத் தெரிந்த இந்தச் சங்கதி, தூர்தர்ஷன், ஆல் இந்தியா ரேடியோ என்று வந்தால் மட்டும் டெல்லிக்கு மறந்துபோகும். காங்கிரஸ் டெல்லி, ஜனதா டெல்லி, பி.ஜே.பி. டெல்லி என்றெல்லாம் இதில் பேதமில்லை.

2018-ம் வருஷக் கதையைக் கேளுங்கள். தூர்தர்ஷனையும் வானொலியையும் நடத்தும் பிரசார் பாரதியின் அப்போதைய சேர்மன் ஏ. சூர்ய பிரகாஷ் ஒரு குண்டைப் போட்டார். ஜனவரி, பிப்ரவரி மாதச் சம்பளத்துக்கு வரவேண்டிய பணத்தை செய்தி ஒலிபரப்பு அமைச்சகம் நிறுத்தி வைத்துவிட்டது, அவசரத்துக்கென்று ஒதுக்கி வைத்த நிதியிலிருந்து எடுத்துச் சம்பளம் போட்டோம் என்றார். அதாவது, பீரோவில் கல்யாணத்துக்கு வைத்திருந்த காசை எடுத்து மளிகைக் கடனை அடைத்த மாதிரி! அமைச்சர் ஸ்மிருதி இரானி. அமைச்சகமோ, "அதெல்லாம் பொய். விதிப்படி போடவேண்டிய ஒப்பந்தத்தை அவர்கள் போடவில்லை" என்றது.

அதே சமயத்தில் இன்னொரு தகராறும் நடந்தது. கோவா திரைப்பட விழாவின் தொடக்க, நிறைவு நிகழ்ச்சிகளைப் படம் பிடித்த ஒரு தனியார் கம்பெனிக்கு 2.92 கோடி ரூபாய் கொடுக்கச் சொன்னது அமைச்சகம். 'கேமரா, ஆள், அம்பு எல்லாம் எங்களிடமே இருக்க, வெளியாளுக்கு எதற்குப் பணம்?' என்று மறுத்தது பிரசார் பாரதி. இந்த பில்லுக்கும் அந்தச் சம்பளத்துக்கும் சம்பந்தம் உண்டா என்பதை ஆராய்ந்து நமக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. சட்டப்படி 'தன்னாட்சி' பெற்ற ஒரு நிறுவனத்தின் தலைவர், மாசம் பிறந்தால் சம்பளம் வருமா என்று ஓர் அமைச்சகத்தின் வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார் பாருங்கள், அதுதான் விஷயமே.

இந்தத் தன்னாட்சி வந்த கதையே ஒரு மெகா சீரியல். அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று சொன்னால்தான் ருசிக்கும்.

1952-ல் பி.வி. கேஸ்கர் என்ற அமைச்சர் வந்தார். சினிமாப் பாட்டு ஜனங்களைக் கெடுக்கிறது என்பது அவர் கட்சி. வானொலியில் சினிமாப் பாட்டுக்குக் கதவைச் சாத்தினார். ஜனங்கள் திருந்தினார்களா? முள்ளைத் திருப்பி இலங்கை வானொலிக்குப் போனார்கள். கடைசியில் 1957-ல் விவித் பாரதியை ஆரம்பித்து அரசாங்கம் தன் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டது. கேஸ்கர் நல்ல சங்கீத ரசிகர். அவர் வீட்டில் அவர் இஷ்டப்பட்டதைக் கேட்டிருந்தால் யாருக்கும் ஆட்சேபணை இருந்திருக்காது!

எமர்ஜென்ஸியில் ரசனை போய் அரசியல் வந்தது. காங்கிரஸ் நிகழ்ச்சியில் பாட மறுத்ததற்காக 1976-ல் கிஷோர் குமாரின் பாட்டு வானொலியிலும் டி.வி.யிலும் நிறுத்தப்பட்டது. 1977 பிப்ரவரி 6, ஞாயிற்றுக்கிழமை. டெல்லி ராம்லீலா மைதானத்தில் எதிர்க்கட்சிகளின் பெரிய கூட்டம். இந்திரா காந்தியை விட்டு விலகிவந்த ஜகஜீவன் ராம் பேசுகிறார். கூட்டத்துக்கு ஆள் சேரக்கூடாதே என்று அன்று சாயந்திரம் டி.வி.யில் 'பாபி' படத்தைப் போட்டார்கள். டிம்பிள் கபாடியா! வயசுப் பையன் எவனாவது வீட்டை விட்டு வெளியே வருவானா? வந்தான் சார். மைதானம் நிரம்பி வழிந்தது. பாபியை பாபுஜி ஜெயித்துவிட்டார் என்று பத்திரிகைகள் கிண்டலடித்தன. அடுத்த மாதமே ஆட்சி போயிற்று.

வந்த ஜனதா ஆட்சி, பி.ஜி. வர்கீஸ் தலைமையில் ஒரு குழு போட்டது. ஒலிபரப்பை அரசாங்கத்திடமிருந்து பிரித்து ஒரு தனி அறக்கட்டளையிடம் கொடுங்கள் என்று 1978-ல் அந்தக் குழு சொன்னது. 1966-லேயே சந்தா குழுவும் தனிக் கார்ப்பரேஷன்கள் வேண்டும் என்று சொல்லியாகிவிட்டது. ஒருவழியாக வி.பி. சிங் காலத்தில், 1990-ல் பிரசார் பாரதி சட்டம் நிறைவேறியது. அப்புறம்? தூங்கியது. ஒரு வருஷம், ரெண்டு வருஷம் இல்லை, ஏழு வருஷம்.

தூக்கத்தின் நடுவே ஓர் உலுக்கல், கிரிக்கெட்டால். 1993 ஹீரோ கோப்பை ஞாபகமிருக்கிறதா? தென்னாப்பிரிக்காவுக்கு எதிரான அரையிறுதியில் கடைசி ஓவரை டெண்டுல்கர் போட்டு ஜெயித்துக் கொடுத்தாரே, அதேதான். ஒளிபரப்பு உரிமையை வெளிநாட்டுக் கம்பெனிக்குக் கொடுத்ததால் தூர்தர்ஷனுக்கும் வங்காள கிரிக்கெட் சங்கத்துக்கும் மூண்ட சண்டை சுப்ரீம் கோர்ட் வரை போனது. 1995 பிப்ரவரியில் தீர்ப்பு: அலைவரிசை அரசாங்கச் சொத்தல்ல, பொதுச் சொத்து. அதைக் கட்டுப்படுத்த வேண்டியது சுதந்திரமான ஓர் அமைப்பு.

1997 செப்டம்பரில்தான் சட்டம் கண் விழித்தது. முதல் சி.இ.ஓ. எஸ்.எஸ். கில். 1998-ல் ஆட்சி மாறியது. உடனே ஓர் அவசரச் சட்டம்: சி.இ.ஓ.வுக்கு 62 வயது வரம்பு. கில் அந்த வயதைத் தாண்டியவர். பெட்டியைக் கட்டினார். ஒரு மனிதரை அனுப்ப நாட்டுக்கே அவசரம்!

2017 சுதந்திர தினத்துக்குத் திரிபுரா முதல்வர் மாணிக் சர்க்கார் பேசிய பேச்சை, திருத்தினால்தான் போடுவோம் என்று நிறுத்தி வைத்தார்கள். அவர் திருத்த மறுத்தார். பேச்சு போகவில்லை. ஒரு மாநிலத்தின் முதலமைச்சருக்கே இந்த கதி. நம்ம பக்கத்துக் கதையும் உண்டு. 2023-ல் 'ஆல் இந்தியா ரேடியோ' வேண்டாம், எல்லா இடத்திலும் 'ஆகாஷ்வாணி' என்றே சொல்லுங்கள் என்று உத்தரவு வந்தது. 'வானொலி' என்று எத்தனை அழகான சொல் இங்கே இருக்கிறது! நமக்கு யாராவது ஒரு போஸ்ட் கார்டு போட்டுக் கேட்டார்களா?

"இதையெல்லாம் இப்ப யார் சார் பாக்குறா? செல்லுல உலகமே இருக்கு" என்றார், கேன்டீனில் எதிரே உட்கார்ந்திருந்த டிப்ளமோ நண்பர்.

தம்பி, காலையில் கம்பெனி பஸ்ஸில் டிரைவர் எஃப்.எம். போடுகிறாரே, அதில் எப்போதாவது அந்த ஸ்டேஷனே திரட்டிய செய்தி கேட்டிருக்கிறீர்களா? கேட்டிருக்க முடியாது. இந்தியாவில் தனியார் எஃப்.எம். சொந்தமாகச் செய்தி சொல்லக்கூடாது. வேண்டுமானால் ஆல் இந்தியா ரேடியோ செய்தியை, ஒரு எழுத்து மாற்றாமல் அப்படியே போடலாம். டி.வி.க்குச் செய்தி சொல்ல உரிமை உண்டு, பேப்பருக்கு உண்டு, ரேடியோவுக்கு மட்டும் கிடையாது. ஆக, ரேடியோவில் செய்தி என்றால் நாட்டுக்கே ஒரே கடை. அந்தக் கடைக்காரருக்குச் சம்பளம் எங்கிருந்து வருகிறது என்பது நம் பிரச்னை இல்லையா?

ஒரு காலத்தில் நேராக நம்மிடமிருந்தே வந்தது. அப்பாவைக் கேளுங்கள். ரேடியோ வைத்திருந்தால் வருஷத்துக்கு 15 ரூபாய், டி.வி.க்கு 50 ரூபாய். போஸ்ட் ஆபீஸில் கட்டி லைசென்ஸ் புத்தகத்தில் பதிந்துகொள்ள வேண்டும். இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றால் ரேடியோவைப் போர்வைக்குள் ஒளித்த வீடுகள் உண்டு. எண்பதுகளின் நடுவில் அந்த லைசென்ஸை எடுத்தார்கள். அப்பாடா என்றிருந்தது. லைசென்ஸ் இருந்தபோதும் எமர்ஜென்ஸி கூத்து நடந்தது என்பது வாஸ்தவம். ஏனென்றால் பணம் கொடுத்தது நாம், பூட்டுச் சாவி வைத்திருந்தது அமைச்சகம்.

அதனால் அரசாங்கப் பணமே கூடாது என்று நான் சொல்லவில்லை. அதுவும் நம் வரிதான். விளம்பரத்தை மட்டும் நம்பினால் 'வயலும் வாழ்வும்' எந்த சோப்புக் கம்பெனிக்கு வேண்டும்? பணம் எந்தக் குழாய் வழியாக வருகிறது, அதன் திருகு யார் கையில் என்பதுதான் கேள்வி. திருகை எட்டாத உயரத்தில் வைக்க நமக்கே தெரியும். அரசாங்கக் கணக்கைத் தோண்டுகிற சி.ஏ.ஜி.க்கும், சுப்ரீம் கோர்ட் நீதிபதிகளுக்கும் சம்பளம் எப்படிப் போகிறது? தொகுப்பு நிதியிலிருந்து, பார்லிமென்டில் ஓட்டெடுப்புக்கே விடாமல். எந்த அமைச்சரும் 'இந்த மாசம் பார்க்கலாம்' என்று சொல்ல முடியாது.

ஜெர்மனியில் வீட்டுக்கு மாசம் இவ்வளவு என்று வசூலிக்கிறார்கள். எவ்வளவு என்று கணக்குப் போட்டுச் சொல்வது ஒரு தனிக் குழு. அதை 17.50 யூரோவிலிருந்து 18.36 ஆக்கச் சொன்னபோது சாக்ஸனி-அன்ஹால்ட் என்ற ஒரு மாநிலம் முட்டுக்கட்டை போட்டது. 2021-ல் அரசியல் சாசன கோர்ட், அப்படித் தடுக்க உனக்கு உரிமையில்லை என்று சொல்லி 18.36-ஐ அமல்படுத்திவிட்டது. வெறும் 86 சென்டுக்கு அவ்வளவு பெரிய கோர்ட்! எதிர் உதாரணம் அமெரிக்கா. அங்கே பொது ஒலிபரப்புக்கு முன்கூட்டியே ஒதுக்கிய 110 கோடி டாலரை 2025 ஜூலையில் திரும்பப் பிடுங்கிக்கொண்டார்கள். பணத்தைப் பிரித்துக் கொடுத்து வந்த கார்ப்பரேஷன், கடையைக் கட்டுவதாக அடுத்த மாதமே அறிவித்தது.

நம்ம ஊரில் 2023 ஜனவரியில் வானொலி, தூர்தர்ஷன் கருவிகளையும் டிரான்ஸ்மிட்டர்களையும் புதுப்பிக்க 2025-26 வரைக்கும் 2,539.61 கோடி ரூபாய் என்று மத்திய அமைச்சரவை ஒதுக்கியது. சம்பளம் தனி. டிப்ளமோ நண்பர் செல்லிலேயே கால்குலேட்டரைத் தட்டினார். 140 கோடிப் பேருக்கு வகுத்தால் தலைக்கு 18 ரூபாய் சொச்சம்.

"பதினெட்டு ரூபாயா? நம்ம கேன்டீன்ல ரெண்டு வடை கூட வராதே!" என்றார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சரி சார், என் பதினெட்டுக்கு எந்த போஸ்ட் ஆபீஸ்ல ரசீது குடுப்பாங்க?" என்றார்.