சத்தமும் ஒரு மனுதான்

வண்டலூர் – வாலாஜாபாத் சாலை ஓரம் குடியிருப்பவனுக்கு வண்டிச் சத்தம் புதிதல்ல. ஒரகடம் போகும் கன்டெய்னர் லாரிகள் ராத்திரி, பகல் பார்ப்பதில்லை. அந்த இரைச்சலில், என் பழைய காரின் சத்தம் கூடிக்கொண்டே போனதை மூன்று வாரம் நான் கண்டுகொள்ளவில்லை. "பதினான்கு வயது வண்டி, முனகத்தான் செய்யும்" என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

காஞ்சிபுரம் போய்த் திரும்பிய அன்று, பின் சீட்டில் இருந்த மனைவி தலைவலி, குமட்டல் என்றாள். வெயில் என்றேன். மறுவாரம் தாம்பரம் போய் வந்தபோதும் அதே தலைவலி. "வெயில் இல்லீங்க, வண்டியில ஏறினாத்தான் வருது" என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். புகைக்குழாய்க்கு அந்த மொழியில் 'எஷாப்மான்' என்று பெயர். தப்பித்துப் போதல் என்று பொருள். நாம் சைலன்சர் என்கிறோம். அதனால் சத்தத்தை அடக்குவது மட்டுமே அதன் வேலை என்று நினைத்துவிடுகிறோம். புகை ஆள்மேல் படாமல் வண்டிக்குப் பின்னால் தப்பிப் போகவும் அந்தக் குழாய்தான் வழி. சத்தம் வரும் ஓட்டை வழியாகப் புகையும் வரும். அதில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலாக ரத்தத்தோடு ஒட்டிக்கொள்ளும். தலைவலி அதன் முதல் அடையாளங்களில் ஒன்று.

மறுநாள் காலை, எஞ்சின் சூடாவதற்கு முன்பே, காரைத் திறந்த வெளியில் நிறுத்தினேன். மூடிய ஷெட்டுக்குள் இந்த வேலையே கூடாது. சத்தத்தின் ஜாதியைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். முன்பக்கம் 'டிக் டிக்' என்று கேட்டு, சூடானதும் குறைந்தால், எஞ்சினோடு குழாய் சேரும் இடத்தில் கேஸ்கெட் போயிருக்கலாம். தகரம் அடிப்பதுபோல் கடகடத்தால், தொங்கவிடும் ரப்பர் அறுந்திருக்கலாம். அடித்தொண்டையில் உறுமினால் பெரும்பாலும் ஓட்டைதான். என் வண்டி உறுமியது.

பக்கத்து வீட்டுத் தம்பி ஒரகடத்தில் கார் தொழிற்சாலை ஊழியர். கையுறை போட்டு, ஈரச் சாக்கை மடித்து, பின்குழாயின் வாயைச் சில நொடி மட்டும் அடைத்தார். பேரனின் செல்ஃபி குச்சியில் போனை மாட்டி நான் அடியில் நீட்டினேன். 'புஸ்' என்ற சத்தம் பின் சீட்டுக்கு நேர் கீழே. படத்தில் அந்த இடத்தைச் சுற்றிக் கரி படிந்திருந்தது.

"சார், ஜாக்கியை நம்பி அடியில போகாதீங்க" என்று சொல்லி, ஸ்டாண்டு வைத்து அவரே படுத்தார். குழாய் ஆறிய பிறகு துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, சூடு தாங்கும் பேஸ்ட் தடவி, தகரத்தைச் சுற்றி இரண்டு கிளாம்ப் இறுக்கினார். உறுமல் அடங்கியது. ஆனால் அது தற்காலிகம்தான். அந்த வாரமே ஒர்க்‌ஷாப்பில் அந்தத் துண்டை மாற்றினேன். அதுவரை மனைவியை அதில் ஏற்றவில்லை. அதன் பிறகு அவளுக்கு அந்தத் தலைவலி வரவில்லை.

துரு ஏன் வந்தது? குற்றவாளி நான்தான். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியேறுகிறது. குழாய் நன்றாகச் சூடானால் அது வெளியே போய்விடும். படப்பை பஜாருக்குப் போய்க் கீரை வாங்கி வருவதோடு நிறுத்தினால், உள்ளேயே தங்கி இரும்பைத் தின்னும். நம்மைப் போலத்தான், சும்மா இருந்தால் துருப்பிடிக்கும். வாரம் ஒருமுறையாவது அரை மணி நேரம் ஓட்டுங்கள்.

வேண்டுமென்றே சைலன்சரைக் கழற்றிவிட்டு பைக்கில் பறக்கும் பிள்ளைகளைத் திட்டுகிறோம். ஒவ்வொரு வண்டிக்கும் சைலன்சர் கட்டாயம் என்பது 1989-ஆம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகளில் 120-வது விதி. ஆனால் சோம்பலால் ஓட்டைக் குழாயோடு ஓட்டும் நம்மை என்ன சொல்வது?

ஆபீசில் நான் எத்தனையோ மனுக்களைப் பார்த்தவன். சாதாரணப் புலம்பல் என்று ஒதுக்கி வைத்ததில்தான் உண்மையான ஆபத்து இருக்கும். மூன்று வாரம் கார் போட்ட மனுவை நான் பிரிக்கவே இல்லை. மனைவி வாய்விட்டுச் சொன்னதையும் 'வெயில்' என்று எழுதி மூடப் பார்த்தேன். வண்டி சத்தம் போட்டால் அன்றைக்கே குனிந்து பாருங்கள். வீட்டில் ஒருவர் தலைவலி என்றால், காரணத்தை நீங்களே எழுதிவிடாதீர்கள்.