கனவைக் கற்க உறக்கத்தைக் கெடுக்கலாமா?



சென்ற பள்ளி விடுமுறையில் என் முன்னாள் மாணவன் ஒருவனைத் தாயார் என் வீட்டிற்கு அழைத்து வந்தார். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் படித்து முடித்து, இப்போது இடைநிலைப்பள்ளியில் முதலாம் படிவம் பயில்கிறான். வகுப்பில் கலகலப்பாக இருந்த பையன், அன்று தலையைக் குனிந்தபடி அமர்ந்திருந்தான்.

"டீச்சர், இவன் தினமும் விடியற்காலை நான்கு மணிக்குக் கைப்பேசியில் மணி வைத்து எழுகிறான். எதையோ முணுமுணுத்துவிட்டு மறுபடியும் படுக்கிறான். வகுப்பில் தூங்கி வழிகிறானாம். போன மாதம் ஒருநாள் நெஞ்சின்மேல் ஏதோ உட்கார்ந்து அமுக்கியது என்று அலறிக்கொண்டு எழுந்தான். பாட்டி கோவிலுக்கு அழைத்துப்போய்க் கயிறு கட்டிவிட்டார்கள். நீங்கள் கொஞ்சம் கண்டித்து வையுங்கள்" என்றார் தாயார்.

என்ன செய்கிறாய் என்று பையனைக் கேட்டேன். "கனவுக்குள்ளே விழித்திருக்கப் பழகுகிறேன், டீச்சர். இரண்டு மாதமாகியும் வரவில்லை" என்றான்.

கண்டிப்பேன் என்று எதிர்பார்த்த தாயாருக்கு ஏமாற்றமாக இருந்திருக்கும். என்னால் கண்டிக்க இயலவில்லை. அவன் தடுக்கி விழுந்த அதே இடங்களில் நானும் விழுந்து எழுந்தவள்.

தெளிகனவு என்றால் என்ன?

கனவு கண்டுகொண்டிருக்கும்போதே "இது கனவு" என்று அறிந்திருக்கும் நிலையை ஆங்கிலத்தில் 'லூசிட் டிரீம்' என்பர். தமிழில் தெளிகனவு எனலாம். டச்சு நாட்டு மனநல மருத்துவர் பிரெடெரிக் வான் ஈடன் 1913-இல் எழுதிய கட்டுரை ஒன்றில் அப்பெயரை வழங்கினார். பெயர் புதிதே தவிர, அனுபவம் பழையது. உறங்குபவனின் உள்ளத்தில் ஏதோ ஒன்று "இது கனவுதான்" என்று சொல்வதுண்டு என அரிஸ்டாட்டில் குறித்துள்ளார். நம் சைவ சித்தாந்தமும் நனவு, கனவு, உறக்கம், பேருறக்கம், உயிர்ப்படங்கல் என்று உயிரின் நிலைகளை ஐந்தாக வகுத்து ஆராய்ந்துள்ளது.

இது வெறும் கற்பனை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 1975-இல் இங்கிலாந்தில் கீத் ஹெர்ன் என்பவரும், அதன்பின் அமெரிக்காவில் ஸ்டீபன் லபெர்ஜ் என்பவரும், உறங்குபவர் கனவுக்குள்ளிருந்து முன்பே பேசிவைத்தபடி கண்களை இடமும் வலமும் அசைத்துச் செய்தி அனுப்புவதைக் கருவிகளில் பதிவு செய்தனர். 2021-இல் வெளியான ஆய்வு ஒன்றில், கனவு கண்டுகொண்டிருந்த இளைஞரிடம் 8-இலிருந்து 6-ஐக் கழித்தால் எவ்வளவு என்று கேட்டார்கள். அவர் கண்களை இருமுறை அசைத்து விடை சொன்னார்! ஆண்டு 1 கணிதம்தான். ஆனாலும் உறக்கத்தில் செய்த கணிதம். அந்த ஆய்விலும் பெரும்பாலான கேள்விகளுக்கு விடை கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இத்துறையில் பயிற்சி பெற்றவர்களுக்கே தோல்விதான் அதிகம்.

என் கதை

2020 மார்ச்சு மாதம் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து பள்ளிகள் மூடப்பட்ட காலம். பல்லாண்டுகளாக எனக்கு ஒரே கனவு திரும்பத் திரும்ப வரும். கரும்பலகையில் எழுதுகிறேன், திரும்பிப் பார்த்தால் எழுத்துகள் மாறியிருக்கின்றன. அழித்து எழுதினால் மீண்டும் மாறுகின்றன. வகுப்பின் பின்வரிசையில் கல்வி அதிகாரிகள் குறிப்பேட்டுடன் அமர்ந்திருக்கிறார்கள். வியர்த்து எழுவேன். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்த நாளில் நடந்த கற்பித்தல் பயிற்சியில் தொடங்கிய கனவு அது.

தெளிகனவு பற்றிப் படித்தபோது, இதை வைத்து அந்தக் கனவை ஒழித்துவிடலாம் என்று ஆசைப்பட்டேன். ஆசிரியரல்லவா! அட்டவணை போட்டேன். இலக்கு வைத்தேன். முதல் பதினொரு நாள் என் கனவுக் குறிப்பேட்டில் எழுதியிருந்தது ஒரே வாக்கியம்: "எதுவும் நினைவில்லை." பன்னிரண்டாம் நாள் எழுதக்கூட மனமில்லை.

ஏறக்குறைய ஏழு வாரம் கழித்து அந்தக் கரும்பலகைக் கனவு வந்தது. எழுத்துகள் மாறின. "எழுத்து மாறுகிறதே, இது கனவல்லவா!" என்று மனம் துள்ளியது. துள்ளிய வேகத்திலேயே விழித்துக்கொண்டேன். இரண்டு நொடிகூட நிலைக்கவில்லை.

அன்று காலை ஒன்றை உணர்ந்தேன். கனவில் எழுத்துகள் நிலைத்து நிற்பதில்லை. ஒருமுறை படித்துவிட்டு மறுமுறை பார்த்தால் பெரும்பாலும் மாறியிருக்கும். இதைக் கனவென்று அறியும் அடையாளமாக நூல்களிலேயே சொல்லியிருக்கிறார்கள். அந்த அடையாளம் பல்லாண்டுகளாக என் கனவில் வந்துகொண்டே இருந்திருக்கிறது. அதிகாரிகளுக்குப் பயந்ததில் நான்தான் அதைப் பார்க்கவில்லை.

தொடக்கநிலையினர் தடுக்கி விழும் இடங்கள்

முதலாவது, கனவே நினைவில் நிற்பதில்லை என்பது. கனவை நினைவில் கொள்ளாதவருக்குத் தெளிகனவு வந்தாலும் தெரியப் போவதில்லை. விழித்தவுடன் புரளாமல், கைப்பேசியைத் தொடாமல், அதே நிலையில் ஒரு நிமிடம் கிடக்க வேண்டும். கடைசியாக நினைவிலிருக்கும் ஒரு காட்சியைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிச் செல்ல வேண்டும். காட்சி இல்லையென்றால், எழுந்தபோது இருந்த உணர்ச்சியை மட்டும் எழுதினாலும் போதும். எனக்கு முதலில் கிடைத்தது "அவசரம்" என்ற ஒற்றைச் சொல்தான்.

இரண்டாவது, சோதனைகள் சடங்காகிவிடுவது. மூக்கைப் பிடித்துக்கொண்டு மூச்சு விட முடிகிறதா என்று பார்ப்பது, விரல்களை எண்ணுவது போன்ற சோதனைகளைப் பகலில் செய்து பழகினால் கனவிலும் செய்வோம் என்பது அடிப்படை. ஆனால் "இது கனவில்லை" என்று முன்பே முடிவு செய்துகொண்டு மூக்கைப் பிடித்தால் பயனில்லை. வாய்ப்பாட்டைப் பொருளறியாமல் ஒப்பிக்கும் மாணவனைப் போன்றது அது. நாளுக்கு ஐந்து முறை போதும், ஒவ்வொரு முறையும், "நான் எப்படி இங்கு வந்தேன்? சற்றுமுன் எங்கிருந்தேன்?" என்று உண்மையாகவே ஐயப்பட்டுக் கேட்க வேண்டும்.

மூன்றாவது, எனக்கு நேர்ந்ததுபோல் மகிழ்ச்சியில் விழித்துக்கொள்வது. கனவென்று தெரிந்தவுடன் பறக்க முயலாமல், கனவிலேயே உள்ளங்கைகளைத் தேய்ப்பதும், நின்ற இடத்திலேயே சுழல்வதும் கனவை நீட்டிக்க உதவுவதாக லபெர்ஜ் கண்டறிந்தார். எனக்குக் கைகளைத் தேய்ப்பதுதான் கைகொடுத்தது.

நான்காவது, அந்த 'அமுக்குவான்'. நம் பாட்டிமார் அமுக்குவான் பேய் என்பார்கள். மலாய்க்காரர்கள் 'கெனா திண்டே' என்பார்கள். கனவு மிகுந்த விரைவிழி உறக்கத்தில், கனவில் ஓடும்போது நாம் உண்மையில் எழுந்து ஓடிவிடாதபடி மூளை தசைகளைத் தளர்த்தி வைக்கிறது. அந்தத் தளர்ச்சி நீங்குமுன் மனம் விழித்துக்கொண்டால், உடல் அசையாது. நெஞ்சு அழுத்துவது போலவும், அறையில் யாரோ நிற்பது போலவும் தோன்றும். சில நொடிகளிலோ சில நிமிடங்களிலோ தானே நீங்கிவிடும், பொதுவாகத் தீங்கற்றது. போராடாமல் மெதுவாக மூச்சு விட்டு, ஒரு விரலை மட்டும் அசைக்க முயலலாம். இது யாருக்கு அதிகம் வரும் தெரியுமா? உறக்கம் குறைந்தவர்களுக்கும், நேரம் தவறி உறங்குபவர்களுக்கும்தான். பையனின் நெஞ்சை அமுக்கியது பேயன்று. நான்கு மணிக்கு ஒலித்த கைப்பேசி!

நான்கு மணி செய்த தவறு

உறங்கி ஐந்தாறு மணி நேரம் கழித்து எழுந்து, "அடுத்த கனவில் இது கனவென்று நினைவுகூர்வேன்" என்று மனத்தில் பதித்துக்கொண்டு மீண்டும் உறங்குவது உண்மையிலேயே உள்ள ஒரு முறைதான். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டென்ஹோம் ஆஸ்பி 2017-இல் வெளியிட்ட ஆய்வில், இம்முறையையும் பகல்நேரச் சோதனைகளையும் சேர்த்து ஒரு வாரம் பழகியவர்கள் 47 பேர். அவர்களின் வெற்றி ஏறக்குறைய 17 விழுக்காடுதான். ஆனால் மனத்தில் பதித்து முடித்த ஐந்து நிமிடத்திற்குள் மீண்டும் உறங்கிவிட்ட முயற்சிகளில் அது ஏறக்குறைய 46 விழுக்காடாக இருந்தது.

இந்த இரண்டாவது எண்ணை மீண்டும் ஒருமுறை பாருங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு முயன்றவர்களைவிட, எளிதாக உறங்க முடிந்தவர்களுக்கே வாய்ப்பு மிகுதி.

நம் பிள்ளைகளின் நிலை என்ன? பள்ளி 7.30 மணிக்குத் தொடங்குகிறது. பலர் 5.30-க்கே எழ வேண்டும். விரைவிழி உறக்கம் ஏறக்குறைய 90 நிமிடங்களுக்கு ஒருமுறை சுழன்று வந்து, விடியலை நெருங்க நெருங்க நீள்கிறது. இரவு 11 மணிக்குப் படுத்து, நான்கு மணிக்கு எழுந்து, பதற்றத்தில் புரண்டு, கண்ணயரும் நேரத்தில் 5.30 மணி அடித்தால், கனவு விளையும் நிலத்தையே உழுது அழித்துவிட்டு விளைச்சல் இல்லையே என்று அழுவதாகும். 13 முதல் 18 வயதினருக்கு 8 முதல் 10 மணி நேரமும், 6 முதல் 12 வயதினருக்கு 9 முதல் 12 மணி நேரமும் உறக்கம் தேவை என அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2016-இல் பரிந்துரைத்துள்ளது.

ஆகவே என் கருத்து இதுதான். பள்ளிப் பிள்ளைகள் இதற்காக மணி வைத்து எழவே வேண்டாம். பெரியவர்கள் விரும்பினால், மறுநாள் தாமதமாக எழ வாய்ப்புள்ள விடுமுறை நாளில் செய்து பார்க்கலாம். நனவையும் கனவையும் பிரித்தறிய இடர்ப்படும் மனநோய் உடையவர்கள் மருத்துவரைக் கேளாமல் இதில் இறங்கக் கூடாது. கனவை நினைவுகூர்வதும் எழுதுவதும் சொல்வதும் எல்லா வயதினருக்கும் ஏற்றவை. அவற்றுக்கு உறக்கத்தை விலையாகக் கொடுக்கத் தேவையில்லை.

நாம் கேட்க மறந்த கேள்வி

இவ்வளவையும் சொன்னபின் பையனிடம் ஒன்று கேட்டேன். "எதற்காகத் தெளிகனவு வேண்டும் என்கிறாய்? பறக்கவா?"

அவன் தாயாரை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னான். புதிய பள்ளிக்குப் போனதிலிருந்து ஒரு கனவு வருகிறதாம். நீண்ட நடைவழி. எல்லாக் கதவுகளும் ஒன்றுபோல் இருக்கின்றன. அவன் வகுப்பு எதுவென்று தெரியவில்லை. சுற்றியுள்ளவர்கள் வேகமாக மலாயில் பேசிக்கொண்டு கடந்து போகிறார்கள். மணி அடிக்கிறது. அதிலிருந்து தப்பிக்கத்தான் இவ்வளவும்.

தாயார் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "இவன் அங்கே வழி தெரியாமல் நிற்கிறான் என்று எனக்குத் தெரியவே தெரியாது, டீச்சர்" என்றார்.

தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் இருந்துவிட்டு, ஆயிரக்கணக்கானோர் பயிலும் தேசிய இடைநிலைப்பள்ளிக்குள் நுழையும் நம் பிள்ளைகள் எத்தனை பேர் இப்படி நிற்கிறார்கள்? மதிப்பெண்ணைக் கேட்கிறோம். கட்டொழுங்கைக் கேட்கிறோம். இரவில் என்ன கண்டாய் என்று எவர் கேட்கிறோம்?

அச்சக் கனவுகளுக்குத் தெளிகனவைவிட எளிய வழி ஒன்றுண்டு. கனவை எழுதி, அதன் முடிவை நாம் விரும்பியபடி மாற்றி எழுதி, விழித்திருக்கும்போதே நாள்தோறும் சில நிமிடம் மனத்தில் ஓட்டிப் பார்ப்பது. மருத்துவர்களும் உளவியலாளர்களும் கையாளும் முறைதான் இது. அன்றே ஒரு தாளைக் கொடுத்தேன். பள்ளிப் பாதுகாவலரிடம் மலாயில் வழி கேட்பதாகவும், அவர் வகுப்பு வாசல்வரை உடன் வருவதாகவும் அவன் எழுதினான். இரண்டே வரி.

எனக்குக் கிடைத்த பாடம்

என் கரும்பலகைக் கனவு பிறகு ஒருமுறை வந்தது. அம்முறை கைகளைத் தேய்த்துக்கொண்டு நின்றேன், கனவு கலையவில்லை. சுண்ணக்கட்டியை வைத்துவிட்டு, மாணவர்களோடு தரையில் அமர்ந்துகொண்டேன். அவ்வளவுதான். அதற்குமேல் எந்த அதிசயமும் நடக்கவில்லை. ஆனால் அந்தக் கனவு இப்போது என்னை வியர்க்க வைப்பதில்லை.

அதைவிடப் பெரிய பயன் வகுப்பறையில் கிடைத்தது. பள்ளிகள் மீண்டும் திறந்தபோது, ஆண்டு 2-இல் எழுத்துக்கூட்டி வாசிக்கத் திணறும் மாணவன் ஒருவன் இருந்தான். முன்பென்றால், "இன்னும் முயற்சி செய்" என்பதோடு நிறுத்தியிருப்பேன். பதினொரு நாள் "எதுவும் நினைவில்லை" என்று எழுதியவளால் அப்படிச் சொல்ல முடியவில்லை. முயலாதவனா அவன்? அளவுக்கு மீறி முயன்று, அஞ்சி, இறுகிப்போனவன். அன்று அவன் சரியாக வாசித்த ஒரே சொல்லை அவன் ஏட்டில் எழுதி நாளிட்டேன். மறுநாள் இரண்டு சொற்கள்.

ஆசிரிய நண்பர்களே, ஆண்டுக்கொரு முறையாவது நமக்குத் தெரியாத ஒன்றைக் கற்கத் தொடங்குவோம். தொடக்கநிலையில் நிற்பவனின் வலி அப்போதுதான் நமக்கு மறவாமலிருக்கும். பெற்றோர்களே, இன்றிரவு பிள்ளைகளை நேரத்தோடு உறங்கச் செய்யுங்கள். காலையில் மகிழுந்தில் பள்ளிக்கு அழைத்துச் செல்லும்போது, "என்ன கனவு கண்டாய்?" என்று கேட்டுவிட்டு, குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் தமிழாசிரியை