தொட்டால் பேசும் கண்ணாடி



இம்மாதம் உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறு பொருளைப் பற்றிப் பேசுவோம். வெளிநாட்டுப் பொதிகளில் சொக்லேட்டுக்கும் சவர்க்காரத்துக்கும் நடுவே வந்து, எம்மில் சிலரது அலுமாரிகளில் இன்றும் கிடக்கின்ற ‘ஐபொட் ரச்’ என்பதே அது.

அப்பிள் நிறுவனம் 2007 செப்டெம்பர் 5ஆந் திகதி இதனை அறிமுகம் செய்தது. பாட்டுக் கேட்கலாம், படம் பார்க்கலாம், வை-பை கிடைத்தால் இணையத்துக்கும் போகலாம். பார்ப்பதற்குக் கைத்தொலைபேசி போலிருந்தாலும் இது தொலைபேசி அல்ல. முதலில் வந்ததன் தடிப்பு 8 மில்லிமீற்றர், நிறை 120 கிராம், திரை மூன்றரை அங்குலம். மிகக் குறைந்த விலை 299 அமெரிக்க டொலர்.

சமூகவியல் படித்துக்கொண்டிருந்த காலத்தில், 2009இல், விடுதியில் ஒரு மாணவியின் கையில் இதனை முதன்முதலாகக் கண்டேன். திரைக்குக் கீழே ஒரேயொரு வட்டப் பொத்தான், மற்றதெல்லாம் கண்ணாடி. விரலை மேலே தள்ளினால் பாட்டுகளின் பட்டியல் ஓடி, மெல்ல மெல்ல வேகம் குறைந்து நின்றது. சரித்துப் பிடித்தால் படமும் சரிந்தது. இரண்டு விரல்களைப் படத்தில் வைத்து விரித்தால் அது பெரிதாகி அருகே வந்தது. அழுத்தவே தேவையில்லை. எமது தோலில் உள்ள மின்தன்மையைக் கண்ணாடிக்குக் கீழுள்ள மெல்லிய படலம் உணர்கின்றது. அதனால்தான் நகத்தால் தட்டினால் அது அசைவதில்லை.

குறைகளும் உடனே தெரிந்தன. அந்த முதலாவது வகையில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கத் தனிப் பொத்தான் இல்லை. பழைய வானொலியின் திருகியை இருட்டிலும் கை தேடிப் பிடிக்கும். மீன் வெட்டிக்கொண்டே முழங்கையால் தட்டி நிறுத்தவும் முடியும். இதற்கோ கண்ணும் வேண்டும், ஈரமில்லாத கையும் வேண்டும். செயற்கைக் கை பொருத்திய சகோதரிகளின் செயற்கை விரலைப் பெரும்பாலும் இத்திரை உணராது. மற்றக் கையின் விரலோ, எஞ்சிய கையின் தோலோ பட்டால் உணரும். இதனைச் சொல்லிக் கொடுக்காமல் ஒருத்தியிடம் கொடுத்தால், தன்னால் இயலாது என்றே அவள் ஒதுக்கி வைத்துவிடுவாள்.

பாட்டுக் கேட்பது எமக்கு எப்போதும் இலகுவாக இருந்ததில்லை. 1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் இல்லை, பற்றரிக்கும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவின் மின்சாரத்தில் வானொலி கேட்ட வீடுகள் பல. அந்தப் பெட்டி எப்படி வேலை செய்கிறது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். புதிய பெட்டியோ வேலை தெரிந்தவரின் கைக்குப் போய்விடுகின்றது. தெரிந்தவர் பெரும்பாலும் மகன், மருமகன் அல்லது சந்தியில் கடை வைத்திருக்கும் தம்பி. சொந்தக்காரி பெண், இயக்குபவர் வேறொருவர்.

இதனால் என்ன நடக்கக்கூடும் என்பதை 2012இல் கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு தாயிடம் கண்டேன். பெயரும் ஊரும் தவிர்க்கின்றேன். இவரது மகன் 2009இல் காணாமற்போனவர். இடப்பெயர்வில் அல்பங்கள் எல்லாம் போய்விட்டன. கனடாவிலுள்ள தங்கையிடம் இரண்டு பொருட்கள் எஞ்சியிருந்தன. ஒன்று, மகனின் வகுப்புப் படம். மற்றது, சமாதான காலத்தில் கடிதத்துக்குப் பதிலாக எல்லோருமாகப் பேசி அனுப்பிய கசெற். தங்கை இரண்டையும் கணினியில் பதிந்து, ஐபொட் ரச் ஒன்றில் ஏற்றி அனுப்பியிருந்தார்.

நாற்பது பிள்ளைகள் நிற்கும் அந்தப் படத்தில் மகனின் முகம் ஒரு பயற்றம் மணியளவு. அம்மா இரண்டு விரல்களை வைத்து விரிப்பார். முகம் பெரிதாகும். விரலை எடுத்து மீண்டும் விரிப்பார். கசெற்றில் பதினொரு வயதுப் பையன் “சின்னம்மா, எப்ப வாறீங்கள்?” என்று கேட்பான். வீட்டுக்கு அப்போது மின்சாரம் வந்திருக்கவில்லை. கடையொன்றில் காசு கொடுத்துச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு வருவார்.

ஒரு நாள் பக்திப் பாடல்களும் ஏற்றித் தரும்படி கடையில் கேட்டார். நானும் கூடப் போயிருந்தேன். கடைத் தம்பி கணினியில் இணைத்ததும் ஆங்கிலத்தில் ஒரு கேள்வி வந்தது. அவர் சாதாரணமாக ‘சரி’ கொடுக்கப் போனார்.

“தம்பி, என்ன கேக்குது எண்டு சொல்லிப்போட்டு அமத்துங்கோ” என்றார் அம்மா.

“இது வேறை கொம்பியூட்டரோடை சேர்ந்தது அம்மா. இதிலை இருக்கிறதை அழிச்சுப்போட்டு புதுசா ஏத்தவோ எண்டு கேக்குது.”

“அழிக்கிறதெண்டால் வேண்டாம். கழட்டிப்போடுங்கோ.”

ஐபொட்டுக்குப் பாட்டு ஏற்றும் ‘ஐரியூன்ஸ்’ முறை அப்படித்தான். முதலில் ஏற்றிய கணினியையே அது வீடாகக் கொள்ளும். வேறொரு கணினியில் இணைத்தால் பழையதை அழித்துவிட்டே புதியதை ஏற்ற முற்படும். அந்தத் தம்பி கெட்டவரல்ல. நாளுக்குப் பல தடவை அவர் அமத்துகின்ற பொத்தான் அது. அம்மாவுக்கோ அதற்குள் இருந்தது மகனின் குரல். ஆங்கிலம் தெரியாத அவர் ஒரு கேள்வி கேட்டதால் அது தப்பியது.

தெரியாததைக் கேட்பதற்கு நாம் ஏன் வெட்கப்பட வேண்டும்? “உங்களுக்கு இது விளங்காது” என்று சொல்பவரிடம், “விளங்கும்வரை சொல்லுங்கள்” என்று கேட்கும் உரிமை பொருளின் சொந்தக்காரிக்கு உண்டு.

2022 மே 10ஆந் திகதி ஐபொட் ரச் தயாரிப்பை நிறுத்துவதாக அப்பிள் அறிவித்தது. எனவே உங்களிடம் இருப்பதெல்லாம் பழையவை. பற்றரி கெட்டுப்போனால் உள்ளே இருப்பதை எடுப்பது கடினம். இந்த வாரமே சில வேலைகளைச் செய்யுங்கள்.

சார்ஜ் ஏற்றிப் பாருங்கள். திரை மேலெழும்பி, உடல் ஊதியிருந்தால் ஏற்ற வேண்டாம். குத்தவோ நெரிக்கவோ வேண்டாம். அறிந்த திருத்துநரிடம் கொடுங்கள். கொடுக்கும்போதே “உள்ளே இருப்பது எதுவும் அழியக்கூடாது” என்று சொல்லுங்கள்.

வேலை செய்தால், குரலை ஒலிக்கவிட்டு அருகே கைத்தொலைபேசியை வைத்துப் பதிவுசெய்யுங்கள். படத்தைப் பெரிதாக்கி, திரையையே கைத்தொலைபேசியால் படமெடுங்கள். தரம் சற்றுக் குறையும். ஆனால் முகம் மிஞ்சும். பின்னர் அதனைக் கடுதாசியில் அச்சிட்டு ஒன்றை வீட்டிலும் மற்றொன்றை உறவினர் வீட்டிலும் வையுங்கள். குரல் பதிவின் பிரதியொன்றை வெளியூரிலுள்ள உறவினருக்கும் அனுப்புங்கள்.

ஒரு தடவை எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடியவர்கள் நாங்கள். எஞ்சியதை ஒரே பெட்டிக்குள் வைத்திருக்க வேண்டாம். இயக்கத் தெரியாவிட்டால் உங்கள் மகளை அருகே இருத்திக் கற்றுக்கொள்ளுங்கள். அவளுக்கும் தன் அண்ணனின் குரலைக் கேட்க ஒரு சந்தர்ப்பம் கிடைக்கும்.

அடுத்த மாதம் சந்திப்போம்.