காவற்காரனைக் கட்டிப்போடாதிருங்கள்



இம்மாதம் உங்கள் வீட்டுச் சுவரில், மீட்டருக்குப் பக்கத்துப் பெட்டியில் இருக்கும் ஒரு சிறிய சுவிட்சைக் குறித்து உங்களோடு பேச விரும்புகிறேன்.

ஆவிக்குரிய பத்திரிகையில் மின்சாரத்திற்கு என்ன வேலை என்று கேட்பீர்களானால், உபாகமம் 22-ஆம் அதிகாரம் 8-ஆம் வசனத்தைத் திறந்து வாசியுங்கள். புதிதாய் வீடு கட்டுகிறவன் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச்சுவர் எழுப்ப வேண்டும் என்றும், ஒருவன் அங்கிருந்து விழுந்து மாண்டால் அந்த இரத்தப்பழி அவ்வீட்டைச் சேரும் என்றும் தேவன் அங்கே கற்பிக்கிறார். பலிபீடத்தின் அளவைச் சொன்ன அதே தேவன், மாடியின் ஓரத்தில் விளையாடுகிற குழந்தையையும் மறக்கவில்லை. பட்டணத்து அடுக்குமாடியில் வாடகைக்குக் குடியிருக்கும் நம்மில் அநேகருக்குச் சொந்த மாடி இல்லை. ஆனாலும் நம் சுவர்களுக்குள் இரவும் பகலும் 230 வோல்ட் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த ஆபத்துக்கு எதிரே எழுப்பப்பட்ட கைப்பிடிச்சுவர்தான் நான் சொல்லும் சுவிட்ச்.

அதன் பெயர் ஆர்.சி.சி.பி. பழைய வழக்கத்தில் இ.எல்.சி.பி. என்றும் சொல்லுவார்கள். பெட்டியிலுள்ள மற்றச் சிறிய சுவிட்சுகளாகிய எம்.சி.பி.களைவிட இது சற்று அகலமானது. இதன் முகத்தில் ஒரு சோதனைப் பொத்தான் இருக்கும். எம்.சி.பி. மிகுதியான சுமையையும் ஷார்ட் சர்க்யூட்டையும் தடுக்கிறது. ஆர்.சி.சி.பி.யோ கணக்குப் பார்க்கிற உக்கிராணக்காரனைப் போன்றது. ஃபேஸ் கம்பியில் வீட்டுக்குள் எவ்வளவு மின்சாரம் போயிற்றோ, அவ்வளவும் நியூட்ரல் கம்பியில் திரும்பி வர வேண்டும். குறைந்தால், அது வேறெங்கோ கசிந்து பூமிக்குப் போகிறது என்று பொருள். அந்த வழி ஒரு மனுஷ சரீரமாகவும் இருக்கலாம். வீடுகளுக்கென்று பொருத்தப்படும் ஆர்.சி.சி.பி., கசிவு 30 மில்லி ஆம்பியரை எட்டும்போது, ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்கு நேரம் செல்லுமுன்பே மின்சாரத்தைத் துண்டித்துவிடுகிறது.

30 மில்லி ஆம்பியர் எவ்வளவு சிறியது என்று பாருங்கள். 2000 வாட் கீசர் ஒன்று ஏறக்குறைய 8.7 ஆம்பியர் எடுக்கிறது. அதில் 290-ல் ஒரு பங்கே இது. 16 ஆம்பியர் எம்.சி.பி. இதை உணரவே உணராது. ஆனால் மனுஷ சரீரம் உணரும். ஏறக்குறைய 10 மில்லி ஆம்பியரைத் தாண்டினாலே அநேகருக்குப் பிடித்த பொருளை விட முடியாதபடி கை இறுகிப்போகிறது. இதையெல்லாம் ஆராய்ந்த அமெரிக்கப் பேராசிரியர் சார்ல்ஸ் டால்சியேல், 1961-ல் கசிவைக் கண்டு துண்டிக்கும் கருவி ஒன்றை அமைத்தார். அந்நாட்டு வீடுகளின் பிளக் பாயிண்டுகளிலேயே பொருத்தப்படும் அவ்வகைக் கருவி ஏறக்குறைய 5 மில்லி ஆம்பியரிலேயே விழுந்துவிடும்.

இனி, மும்பைக்கு அருகே வாடகை வீட்டில் வசிக்கும் ஒரு விசுவாசக் குடும்பத்தின் காரியத்தை அவர்கள் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்தபின் அந்தச் சகோதரர் என்னிடம் வந்தார். "பாஸ்டர், மூன்று வாரமாய்க் காலையில் கீசர் போட்டால் வீடு முழுவதும் இருண்டுபோகிறது. இது சத்துருவின் போராட்டமாய் இருக்குமோ? நீங்கள் வந்து ஜெபிக்க வேண்டும்" என்றார். அருகில் நின்ற அவர் மனைவி, "வீட்டுக்காரர் அனுப்பிய ஆள், அந்த சுவிட்சை எடுத்துவிட்டு வயரை நேரே கொடுத்துவிடலாம் என்கிறார். நாளைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார், பாஸ்டர்" என்றார். "வாடகை வீடுதானே, அடுத்த வருஷம் மாறிவிடுவோம்" என்று அந்தச் சகோதரரும் சம்மதித்திருந்தார்.

அன்று மாலையே அவர்கள் வீட்டுக்குச் சென்று ஜெபித்தோம். ஜெபித்து எழுந்தபின், என்னோடு வந்த நம் சபையைச் சேர்ந்த உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியன் சகோதரர் வேலையைத் தொடங்கினார். அவர் கையாண்ட முறையைக் கண்டபோது எனக்கு யோசுவா 7-ஆம் அதிகாரம் நினைவுக்கு வந்தது. ஆயி பட்டணத்தின் முன் இஸ்ரவேல் தோற்றுப்போனபோது, யோசுவா யாரையும் ஊகத்தின்பேரில் பிடிக்கவில்லை. முதலில் கோத்திரம், பின்பு வம்சம், பின்பு வீடு, கடைசியில் ஆள் என்று ஒவ்வொன்றாய்ப் பிரித்து ஆகானிடம் வந்து சேர்ந்தான்.

அப்படியே இந்தச் சகோதரரும் கீசரைக் குற்றவாளியாக்கவில்லை. வீட்டிலுள்ள எல்லா பிளக்குகளையும், கீசரின் பிளக்கையுங்கூட, சாக்கெட்டிலிருந்து உருவச் சொன்னார். "சுவிட்சை அணைத்தால் போதாதா?" என்று வீட்டார் கேட்டார்கள். "போதாது. சாக்கெட் சுவிட்ச் ஃபேஸ் கம்பியை மட்டுமே துண்டிக்கும். நியூட்ரல் இணைந்தே இருக்கும்" என்றார். பின்பு ஆர்.சி.சி.பி.யை மேலே தூக்கினார், நின்றது. கீசரை மட்டும் இணைத்து ஓட்டினார், நின்றது. மூன்று வாரமாய்ப் பழி சுமந்த கீசர் குற்றமற்றது! பிரிட்ஜ், வாஷிங் மெஷின், மிக்ஸி என்று ஒவ்வொன்றாய் இணைத்தார், ஒன்றும் ஆகவில்லை. கடைசியாக, சமையலறை மூலையில் துணி மூடிக் கிடந்த ஒரு கிரைண்டரின் பிளக்கைச் செருகினார். அதன் சுவிட்சைக்கூடப் போடவில்லை. கீசர் ஓடிக்கொண்டிருந்தது. அந்த க்ஷணமே வீடு இருண்டது.

ஊரிலிருந்து தாய்வீட்டுச் சீராக வந்த கிரைண்டர் அது. மாவைக் கடையில் வாங்கத் தொடங்கிய பின்பு பல மாதமாய் அதை யாரும் ஓட்டவில்லை. பிளக் மட்டும் செருகியபடியே இருந்தது. மழைக்காலத்து ஈரம் மோட்டாருக்குள் இறங்கி, நியூட்ரல் பக்கத்துச் சுருள் அதன் இரும்பு உடலைத் தொட்டுக்கொண்டிருந்தது. கீசர் போன்ற பெரிய சாதனம் ஓடும்போது, நியூட்ரலில் திரும்ப வேண்டிய மின்சாரத்தில் ஒரு சிறு பங்கு அந்தக் கிரைண்டரின் உடல் வழியே எர்த் கம்பிக்குப் பிரிந்து போயிற்று. கணக்குக் குறைந்தது, காவற்காரன் கதவை அடைத்தான். ஆகான் தன் கூடாரத்தின் தரையில் புதைத்துவைத்ததைப்போலத் துணியால் மூடப்பட்டுக் கிடந்தது குற்றம்.

அந்த ஆள் மறுநாள் வந்து வயரை நேரே கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? வெளிச்சம் வந்திருக்கும், எல்லாரும் மகிழ்ந்திருப்பார்கள். ஒரு பண்டிகை நாளில் அந்தச் சகோதரி ஈரக்கையோடு மாவரைக்கப் போயிருப்பார். அன்றைக்கு ஈரம் ஃபேஸ் பக்கத்துச் சுருளையும் எட்டி, எர்த் இணைப்பும் தளர்ந்திருந்தால், கசியும் மின்சாரத்துக்கு அவர் சரீரமே வழியாயிருக்கும். ஈரமான சரீரத்தின் தடையை ஏறக்குறைய 1000 ஓம் என்று கொண்டால், 230 வோல்ட் அதன் வழியே 230 மில்லி ஆம்பியரைச் செலுத்தும். அதை அறிவிக்க வீட்டில் காவற்காரனும் இருந்திருக்கமாட்டான்.

ஆகையால் பிரியமானவர்களே, உங்கள் வீட்டிலும் இந்த சுவிட்ச் விழுமானால் நீங்கள் செய்ய வேண்டியவை:

முதலாவது, விழுந்தது எம்.சி.பி.யா, ஆர்.சி.சி.பி.யா என்று பாருங்கள். திரும்பத் திரும்பத் தூக்கிவிடாதிருங்கள். கையும் காலும் உலர்ந்திருக்கட்டும். பெட்டியின் மூடியைக் கழற்றாதிருங்கள்.

இரண்டாவது, எல்லா பிளக்குகளையும் உருவிவிட்டு, ஆர்.சி.சி.பி.யைத் தூக்கி, ஒவ்வொன்றாய் இணைத்துப் பாருங்கள். சிறிய சாதனங்களை இணைக்கும்போது கீசரோ இஸ்திரிப் பெட்டியோ ஓடிக்கொண்டிருக்கட்டும்; நியூட்ரல் பக்கத்துக் கசிவு அப்பொழுதுதான் வெளிப்படும். எதை இணைத்ததும் விழுகிறதோ, அதை விலக்கிவைத்துப் பழுதுபார்க்கக் கொடுங்கள். கீசரின் எலிமெண்டு அடிக்கடி அகப்படும் குற்றவாளி. உப்புநீரால் அதன்மேல் படிவு ஏறி, உலோகக் குழாயில் விரிசல் கண்டு, உள்ளிருக்கும் வெண்பொடியில் தண்ணீர் இறங்கினால் கசிவு தொடங்கும்.

மூன்றாவது, எல்லாவற்றையும் உருவின பின்பும் விழுந்தால், எம்.சி.பி.கள் யாவையும் இறக்கிவிட்டு ஒவ்வொன்றாய் ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ, அந்த வழியில் பழுது இருக்கிறது. பால்கனி விளக்கு, கசிவுள்ள சுவர், குளியலறைப் பாயிண்டு ஆகியவற்றை முதலில் பாருங்கள். எல்லா எம்.சி.பி.களும் இறங்கியிருக்கையிலும் விழுந்தால், சுவருக்குள் நியூட்ரலும் எர்த்தும் தொடுகின்றன, அல்லது ஆர்.சி.சி.பி.யே பழுதாயிருக்கிறது. அது உங்கள் வேலையல்ல. உரிமம் பெற்றவரை அழைத்து, மெகர் கருவியால் அளக்கச் சொல்லுங்கள்.

நான்காவது, இன்வெர்ட்டர் பொருத்திய நாளிலிருந்து தொல்லை தொடங்கியிருந்தால், இரண்டு நியூட்ரல்கள் கலந்திருக்கக்கூடும். பொருத்தியவரையே அழைத்துச் சரிசெய்யச் சொல்லுங்கள். தனித்தனியே ஒன்றும் விழாமல், எல்லாம் சேர்ந்து ஓடும்போது மட்டும் விழுந்தால், பல சாதனங்களின் சிறு கசிவுகள் கூடிப்போயிருக்கின்றன. அப்பொழுது இரண்டு ஆர்.சி.சி.பி.களாகப் பிரிப்பதே வழி.

செய்யக்கூடாதவையும் உண்டு. சுவிட்சைத் தாண்டி வயரை நேரே கொடுக்காதிருங்கள். 30 மில்லி ஆம்பியர் இருந்த இடத்தில் 100 அல்லது 300 மில்லி ஆம்பியரை வைக்காதிருங்கள். அவை வேறு நோக்கத்திற்கானவை, சரீரத்தைக் காக்கமாட்டா. மூன்று முனை பிளக்கின் எர்த் முனையை ஒடித்து இரண்டு முனையாக்காதிருங்கள். சுவிட்ச் விழுவது நின்றுபோகும். கசிவோ நிற்காது, ஒரு கை வந்து தொடும்வரை இரும்பின்மேல் காத்திருக்கும்.

மாதம் ஒருமுறை அந்தச் சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். சுவிட்ச் விழாவிட்டால் அதை மாற்றுங்கள். பொத்தான் அந்தக் கருவியை மட்டுமே சோதிக்கும். எர்த் கம்பியைச் சோதிக்காது என்பதையும் மறவாதிருங்கள். இந்தக் கருவிக்கும் எல்லை உண்டு. ஒருவர் ஒரு கையில் ஃபேஸையும் மறுகையில் நியூட்ரலையும் பிடித்தால், கணக்கு சரியாகவே இருப்பதால் அது விழாது.

அன்பான தேவபிள்ளைகளே, இருள் சூழ்ந்ததெல்லாம் சத்துருவின் வேலையல்ல. சில வேளைகளில் அந்த இருளே உங்களைக் காக்கும் கிருபையாயிருக்கிறது. உங்கள் மனச்சாட்சியும் இப்படி விழுகிற ஒரு சுவிட்ச்தான். அது தொல்லையாய் இருக்கிறதென்று அதற்குச் சூடு போட்டு உணர்வற்றதாக்கினவர்களைக் குறித்துப் பவுல் 1 தீமோத்தேயு 4:2-ல் எச்சரிக்கிறார். அவர்களுக்கு உறுத்தல் இல்லை. கசிவு மட்டும் தொடர்கிறது.

இன்னொன்றையும் சிந்தியுங்கள். பட்டணத்து வாழ்வில் நம் குடும்பங்களில் காலைதோறும் எத்தனை சண்டை! பள்ளிக் கட்டணத்தில் தொடங்குகிறது; பிள்ளையின் மதிப்பெண்ணில் வெடிக்கிறது. குரலை உயர்த்துகிறவர்மேல் பழி விழுகிறது. ஆனால் சண்டை வெடிக்கும் இடம் வேறு. கசிவு இருக்கும் இடம் வேறு. மனைவிக்குச் சொல்லாமல் கைபேசியில் வாங்கிய கடனாக இருக்கலாம். ஊரிலுள்ள தம்பிமேல் வைத்திருக்கும் பத்து வருஷத்துக் கசப்பாக இருக்கலாம். அதை ஓட்டவில்லையே, மூடித்தானே வைத்திருக்கிறேன் என்பீர்கள். பிளக் செருகியே இருக்கிறதே!

இன்றிரவு குடும்ப ஜெபத்தில் 139-ஆம் சங்கீதத்தின் கடைசி இரண்டு வசனங்களை வாசியுங்கள். தேவன் தன்னை ஆராய்ந்து பார்க்க வேண்டும் என்று தாவீது கேட்கிறான். கணவனும் மனைவியும் ஒருவர்மேல் ஒருவர் பழிபோடாமல், மூடிவைத்த ஒன்றையாவது ஒருவருக்கொருவர் அறிவியுங்கள். ஜெபம் முடிந்தபின் வீட்டார் அனைவரும் எழுந்துபோய் அந்தச் சோதனைப் பொத்தானையும் அழுத்திப் பாருங்கள்.

இஸ்ரவேலைக் காக்கிறவராகிய கர்த்தர் தாமே உங்கள் வாசல்களையும் பிள்ளைகளையும் காத்து, உங்கள் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.